பாவித்த மோட்டார் சைக்கிளும் வீட்டாரின் கவலையும்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றிலே மோட்டார் சைக்கிள் வாங்குவது தனியொருவர் செய்யும் காரியமன்று. தந்தை விலையைக் கணக்கிடுவார். தாய் விபத்தை நினைத்து அஞ்சுவாள். வெளிநாட்டிலிருக்கும் மாமன் தொலைபேசியில் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அதைவிட வேறொன்றையும் தொட வேண்டாம்" என்று கட்டளையிடுவார். மகனோ வண்டியின் நிறத்தை மட்டும் முன்னரே தீர்மானித்து வைத்திருப்பான். புதிய வண்டியாயின் இந்த விவாதம் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். பாவித்த வண்டியாயின் ஓய்வதில்லை. வாங்கிய பின்னரும் தொடரும். ஒவ்வொரு நாளும் மாலையில் வண்டி வீட்டு வாயிலை வந்தடையும்வரை, "வழியிலே நின்றிருக்குமோ?" என்ற கேள்வி அடுக்களையிலே வளைய வந்துகொண்டிருக்கும்.

இக்கவலையை வீண் கவலை என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. அங்கே கற்கும் மாணவன் ஒருவன் விடுமுறை முடிந்து தன் வண்டியிலே புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 65 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஆனையிறவை அண்டிய வெளியிலே ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. கடலேரியும் உப்பளமும் வெயிலுமே உண்டு. அவ்விடத்திலே வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தூரத்தை எண்ணிப் பார்க்கவே அலுப்பாக இருக்கும். பொழுதுபட்ட பின் வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அதே நிலை ஏற்பட்டால், அது அலுப்பு மட்டுமன்று. ஆகவே வண்டியின் நம்பகம் என்பது பொறியியலார் பேசும் விடயமாயினும், நம் வீடுகளில் அது பிள்ளை பத்திரமாக வந்து சேருவதன் மறுபெயராகவே இருக்கிறது.

சில ஆண்டுகளாக இக்கவலைக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிய வண்டிகள் வருவது நின்றதும் எல்லோருடைய பார்வையும் பாவித்த வண்டிகளின்மீது திரும்பிற்று. ஐந்தாறு ஆண்டுகள் ஓடி உழைத்த மோட்டார் சைக்கிள், புதிதாக வாங்கப்பட்ட நாளில் இருந்த விலையிலும் கூடுதலாக விலைபோன விசித்திரத்தை அக்காலத்திலே கண்டோம். 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று அட்டை முறையில் பெற்றோல் பங்கிடப்பட்டபோது, கார் வைத்திருந்தவர்களிலும் சிலர் சிறிய வண்டி தேடினார்கள். 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. எனினும் வரியும் ரூபாவின் பெறுமதியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்றும் நடுத்தரக் குடும்பம் ஒன்று பாவித்த வண்டிக்காகச் சில இலட்சம் ரூபாவைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேமிப்பும், சீட்டுப் பணமும், சில வீடுகளில் அடகுக்கடைக்குச் செல்லும் காப்புச் சோடியும் சேர்ந்தே அத்தொகையாகின்றன. அவ்வாறு சேர்த்த பணத்தை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஓர் இரும்புப் பொருளுக்குக் கொடுக்க எவரும் தயங்கவே செய்வர்.

இந்தத் தயக்கத்தைப்பற்றி ஒரு பொருளியலறிஞர் எழுதி நோபல் பரிசும் பெற்றார் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அமெரிக்கரான ஜோர்ஜ் அக்கலோப் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்கு எலுமிச்சம்பழச் சந்தை என்று பெயர். பழுதை மறைத்து விற்ற காரை எலுமிச்சம்பழம் என்பது அமெரிக்கரின் பேச்சு வழக்கு. அக்கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் ஏற்க மறுத்தன, நான்காவதே அச்சிட்டது. 2001 இல் மைக்கல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ் என்ற இருவருடனும் அவர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் சொன்னதை நம்மூர்க் கணக்கிலே சொல்லிப் பார்ப்போம். ஒரே வயதுள்ள இருவகை வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. நன்றாகப் பேணப்பட்டதற்கு நான்கு இலட்சம் தகும். பேணப்படாததற்கு இரண்டு இலட்சமே தகும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலப் பளபளக்கின்றன. எது எதுவென்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நடுவிலே நின்று மூன்று இலட்சம் தரலாம் என்கிறான். நல்ல வண்டிக்காரன், "இந்த விலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நானே ஓடுவேன்" என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறான். கூடாத வண்டிக்காரனோ மகிழ்ந்து முன்வருகிறான். நாளடைவில் சந்தையிலே கூடாதவையே மிஞ்சுகின்றன. அதை அறிந்த வாங்குபவர்கள் விலையை இன்னும் குறைக்கிறார்கள். இவ்வாறு, ஏமாற்றுபவனால் ஏமாந்தவன் மட்டுமன்றி, நேர்மையாக விற்க வந்தவனும் நட்டப்படுகிறான். அக்கலோப் இந்தியாவின் வட்டிக்கடைக்காரரையும் அக்கட்டுரையிலே உதாரணமாக எடுத்திருந்தார் என்பது நம் பக்கத்து வாசகருக்குச் சுவை தரக்கூடும்.

ஆயின், நம்மூர்ச் சந்தை முழுவதும் எலுமிச்சம்பழமாகிவிடவில்லை. நல்ல வண்டியையும் விற்றேயாக வேண்டிய நிலை பலருக்கு வருகிறது. வெளிநாடு செல்கின்றனர், தூரத்துக்கு இடமாற்றம் பெறுகின்றனர், சகோதரியின் திருமணத்துக்குப் பணம் தேடுகின்றனர். இத்தகையோரின் வண்டியே வாங்கத்தக்கது. ஆகவே விலை கேட்பதன் முன்னர், "ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டல் வேண்டும். விடையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கனடாவுக்குப் போவதாகச் சொல்லி வண்டி விற்றவர்கள் எல்லோரும் உண்மையாகவே போயிருந்தால், இன்று குடாநாட்டில் வண்டியோட்ட ஆள் இருக்கமாட்டார்கள்.

விற்பவனின் வாயைவிட அவனுடைய குறிப்பேடு நம்பத்தக்கது. வடமராட்சியில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் தமது வண்டிக்கு ஒயில் மாற்றிய திகதி, அப்போது மீற்றரில் இருந்த எண், பிளக் மாற்றியது, ரயர் மாற்றியது ஆகிய எல்லாவற்றையும் பாடசாலைக் கொப்பி ஒன்றிலே எழுதிப் பற்றுச்சீட்டுகளையும் ஒட்டி வைத்திருந்தார். கண்பார்வை மங்கியதால் வண்டியை விற்க எண்ணியபோது தரகர் எவரும் தேவைப்படவில்லை. பார்க்க வந்த முதலாமவர் கொப்பியைப் புரட்டினார். கேட்ட விலையைக் கொடுத்தார். வண்டி ஓடிக் காட்டப்பட்டது அதன் பின்னரேயாம். விற்பவனுக்கு மட்டும் தெரிந்திருந்ததை வாங்குபவனுக்கும் தெரியச்செய்தது அந்தக் கொப்பி. நூறு ரூபா பெறாத அப்பொருளை வைத்திருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது.

இயந்திரம் சொல்லும் சாட்சியம்

கொப்பி இல்லாதவிடத்து வண்டியையே விசாரிக்க வேண்டும். அது பொய் சொல்லாது; ஆனால் சரியான நேரத்தில் கேட்க வேண்டும். அந்த நேரம் அதிகாலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் குறைகள் வெளிப்படும். விற்பவர் நாம் வரும் நேரத்தை அறிந்து முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பாராயின், எஞ்சினுக்கு அருகே கையைக் கொண்டுபோனவுடனேயே தெரிந்துவிடும். அத்தகைய வண்டியை மறுநாட் காலையில், சொல்லாமற் போய்ப் பார்ப்பதே நல்லது.

பொத்தானை அழுத்தி இயக்குவது இலகு. ஆனாலும் காலால் உதைக்கும் கம்பி உள்ள வண்டியாயின் அதையே முதலில் மெல்ல அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓரிடத்திலே கால் தடைப்பட்டு எதிர்த்து நிற்க வேண்டும். அதுவே உருளையினுள் வாயு நெருக்கப்படுவதன் அடையாளம். தடையின்றிக் கால் கீழே போனால், நெருக்கப்பட வேண்டிய வாயு எங்கோ கசிகிறது. முசல வளையங்கள் தேய்ந்திருக்கலாம், வால்வு சரியாக அமராதிருக்கலாம். பௌதிகம் படிக்கும் மாணவருக்கு இது புரியும்: நெருக்கம் குறைந்தால் வெடிப்பின் வலுக் குறையும், வலுக் குறைந்தால் பெற்றோற் செலவு கூடும்.

இனிப் புகை. நான்கு வீச்சு எஞ்சின் குளிரிலே முதலில் சிறிது வெண்ணிற ஆவியை விட்டால் அஞ்ச வேண்டியதில்லை. புகைக்குழாயில் இரவு தங்கிய ஈரமே அது. நீலம் கலந்த புகை ஒயில் எரிவதைக் காட்டும். அதிலும் ஒரு பேதமுண்டு. இயக்கியவுடன் சிறிது நீலப்புகை வந்து பின்னர் நின்றுவிட்டால் வால்வுத் தண்டின் றப்பர் மூடிகள் தளர்ந்திருக்கலாம். அதைச் சிறு செலவிலே திருத்தலாம். வேகத்தைக் கூட்டுந்தோறும் நீலப்புகை எழுமாயின் வளையங்களும் உருளையுமே தேய்ந்துவிட்டன, அது பெருஞ்செலவு. கரும்புகை பெற்றோல் மிகுதியாக எரிவதன் குறி. காபரேற்றரைச் சீர்செய்வதாலோ காற்று வடியை மாற்றுவதாலோ பெரும்பாலும் தீரும். வலிகாமத்தின் செம்மண் பகுதியில் ஓடிய வண்டிகளிலே காற்று வடியைக் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்தச் செம்புழுதி மிக நுண்ணியது. வடி அடைபட்டிருந்தால் மாற்றலாம். வடி கிழிந்திருந்தால் புழுதி உருளைக்குள்ளேயே போய் அரத்தைப்போல் வேலை செய்திருக்கும்.

ஒயில் மூடியைத் திறந்து பார்த்தால், கருமையாக இருப்பது குற்றமன்று. ஓடிய ஒயில் கறுக்கவே செய்யும். பாலும் கோப்பியும் கலந்ததுபோன்ற நிறமாயின் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. விளக்குக் கண்ணாடியின் உட்புறத்திலே நீர்க்கோடு, மின்கம்பி இணைப்புகளிலே பச்சைப் பூஞ்சணம்போன்ற படிவு, இருக்கையின் கீழே மூலைமுடுக்குகளில் உலர்ந்த சேறு ஆகியவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். தீவுப்பகுதியில் ஓடியவற்றுக்கு வேறொரு நோய் உண்டு. பண்ணைப் பாலத்தின் உப்புக்காற்றை நாள்தோறும் இருமுறை சுவாசித்த வண்டி மேலே பளபளத்தாலும், அடிச்சட்டத்தின் மடிப்புகளிலும் மட்காட்டின் உட்புறத்திலும் துரு பொருக்கு விட்டிருக்கும். குனிந்து, ரோச் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கே அது தெரியும். பெற்றோற் தாங்கியின் உட்புறத்துக்கும் ரோச் அடிக்க வேண்டும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் அறிவாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்வி, வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வண்டி விழுந்து எழுந்ததா என்பது. எஞ்சின் பழுதானால் வண்டி நிற்கும். அடிச்சட்டம் வளைந்திருந்தாலோ வண்டி நிற்காமலே மனிதரை வீழ்த்தும். பெயின்ற் புதிதாக இருப்பதைக் கண்டு மகிழாமல், ஏன் புதிதாக அடித்தார்கள் என்று சிந்திக்க வேண்டும். பிறேக், கிளச் பிடிகளின் நுனி உரைஞ்சியிருக்கிறதா, கால் மிதிகளின் ஓரம் தேய்ந்து வளைந்திருக்கிறதா, கைபிடியை முற்றாகத் திருப்பும்போது தடுத்து நிறுத்தும் இரும்புக் கட்டை சிதைந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கடைசியாகச் சொன்னது சிதைந்திருந்தால் முன்புற மோதல் நிகழ்ந்திருக்கிறதென்று ஏறத்தாழத் துணியலாம். நடுத்தாங்கியிலே நிறுத்தி, முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கைபிடியை இடமும் வலமும் மெல்லத் திருப்பினால் தடங்கலின்றித் திரும்ப வேண்டும். நடுவிலே ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோலத் தோன்றினால் உள்ளிருக்கும் குண்டுகளின் பாதை குழிந்திருக்கிறது. நண்பர் ஒருவரை ஓட்டச்சொல்லி நாம் பின்னே நின்று நோக்கின், இரு சில்லுகளும் ஒரே கோட்டிலே செல்கின்றனவா என்பதும் புலப்படும்.

மீற்றரில் உள்ள கிலோமீற்றரை நம்புவோர் அப்பாவிகள். அதன் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடலாம், மீற்றரையே மாற்றலாம். கால் மிதியின் றப்பரும், கியர் மிதியும், இருக்கையின் அமுங்கலும் சொல்லும் கணக்கே மெய்க்கணக்கு. பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியிலே கால் மிதி றப்பர் மொட்டையாகத் தேய்ந்திருக்குமாயின், அந்த எண்ணின் முன்னே இன்னுமோர் இலக்கத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ரயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3521 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்திலே செய்யப்பட்டதென்பது பொருள். தேயாவிட்டாலும் பல ஆண்டு வெயில் குடித்த ரயர் கடினப்பட்டு, மழை நாளில் வழுக்கும்.

பேப்பரும் பெயரும்

வண்டி நன்றாயிருந்தும் புத்தகம் கூடாதிருந்தால் முழுப் பணமும் நட்டம். நாம் புத்தகம் என்று வழங்கும் பதிவுச் சான்றிதழிலே உள்ள எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் வண்டியிலே பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். அடிச்சட்டத்திலே எண் இருக்கும் இடம் அராவப்பட்டோ ஒட்டு வைக்கப்பட்டோ இருந்தால், எத்தனை மலிவாயினும் விடைபெற்றுக்கொள்வதே புத்தி. நிதிக் கம்பெனியிடம் கடன்பட்டு வாங்கிய வண்டியாயின் அந்தக் கம்பெனியின் பெயரும் புத்தகத்திலே உரிமைக்காரராக நிற்கும். அப்பெயர் நீங்காதவரை நாம் கொடுத்த பணம் மற்றொருவருடைய கடனுக்கு அடமானமாக நிற்பதாகவே கொள்ள வேண்டும். இலக்கத் தகட்டின் எழுத்து வரிசையைக்கொண்டு வண்டியின் வயதைக் கணிப்போர் பலர். அது பதிவுசெய்த ஆண்டையே காட்டும். உற்பத்தி ஆண்டு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். புத்தகத்தில் அது தனியே குறிக்கப்பட்டிருக்கும்.

நம்மிடையே வேரூன்றிய ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உரிமை மாற்றும் படிவத்திலே விற்பவரின் கையொப்பத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமலே வண்டியைக் கைக்குக் கை மாற்றுகிறார்கள். திறந்த பேப்பர் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பதிவுக் கட்டணம் மிச்சம் என்பது இதன் நியாயம். மூன்று கை மாறிய பின் அந்த வண்டி எங்கோ ஒருவரை மோதிவிட்டு ஓடினால், பொலிசார் தேடிவருவது புத்தகத்திலே பெயருள்ள முதலாமவரின் வீட்டுக்கே. மறுபுறத்தில், கடைசியாக வாங்கியவர் பெயரை மாற்ற முயலும்போது முதலாமவர் வெளிநாட்டில் இருப்பார் அல்லது காலமாகியிருப்பார். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கும் நாட்டிலே, இத்தனை ஆண்டுகளின் பின்னரும் படித்தவர்களே இவ்வாறு செய்வது விந்தை. விற்பவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதன் பிரதியை வைத்திருப்பதும், வாங்குபவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் இருவருக்கும் காப்பு. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி என்பன காலாவதியாகி ஆண்டுகள் சென்றிருந்தால், வண்டி எத்தனை காலம் மூலையில் கிடந்ததென்பதையும் அவையே சொல்லிவிடும்.

பழையது என்பதனாலேயே பலவீனமா?

ஆகாது என்றே கூற வேண்டும். பொறியியலார் வரையும் ஒரு வளைகோடு உண்டு. குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப்போலத் தோன்றுவதால் அப்பெயரே அதற்கு வழங்குகிறது. ஒரு தொகுதிப் பொருள்கள் புதிதாக இருக்கும்போது பழுதுகள் அதிகம். வார்ப்பிலும் பொருத்திலும் நேர்ந்த பிழைகள் அப்போது வெளிவரும். பின்னர் பல காலம் பழுது குறைந்த சமவெளி. இறுதியில் தேய்மானம் மிகுந்து கோடு மீண்டும் மேலெழும். மனிதரின் இறப்பு விகிதமும் ஏறத்தாழ இவ்வடிவினதே. சிசுப் பருவத்திலும் முதுமையிலும் உயர்ந்து, இடையில் தாழ்ந்திருக்கும். மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய வண்டி சிசுப் பருவத்தைத் தாண்டிய வண்டி. கவனமாகப் பேணப்பட்டதாயின் அது சமவெளியிலே நிற்கிறது. புதிய வண்டிக்குத் தோரணம் கட்டுவோர் இதனை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு மாறான மயக்கமும் நம் ஊரிலே பெரிதாக உண்டு. "அந்தக் காலத்து யப்பான் வண்டி சாகாது" என்பார்கள். ஹொண்டாக் கம்பெனி 1958 இல் வெளியிட்ட சுப்பர் கப் என்ற சிறு வண்டியின் வழிவந்தவை நெடுங்காலம் உழைப்பவை என்பது மெய்யே. 2017 அளவில் அவ்வகையில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. நம் தெருக்களிலே எம்.டி. 50, சீ.டி. 90, சாலி முதலியன பட்ட பாட்டை வேறெங்கும் பட்டிருக்குமோ என்பது ஐயம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. சிறு போத்தலிலே துளித்துளியாகச் சேமித்த பெற்றோலைக்கொண்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். தெருவெல்லாம் வெண்புகை, கண்ணெரிச்சல், அந்த மணம் அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் மறவாது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவாதலால் எஞ்சின் உரிய காலத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவரைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி ஒயிலோடு கலந்து அதனை நீர்ப்பிக்கும். வளையமும் உருளையும் விரைந்து தேயும். அவற்றையெல்லாம் தாங்கி ஓடின என்பதே அவ்வண்டிகளின் புகழ்.

ஆனால், இன்று தெருவிலே காணும் பழைய வண்டிகள் தப்பிப் பிழைத்தவை மாத்திரமே. தப்பாதவை இரும்புக் கடைக்குப் போய் உருகி எத்தனையோ காலம். பிழைத்தவற்றைப் பார்த்து எல்லாம் சாகாவரம் பெற்றிருந்தன என்று முடிவுகட்டுதல், தொண்ணூறு வயதுப் பாட்டனாரின் சுருட்டைப் பார்த்துச் சுருட்டு ஆயுளை வளர்க்கும் என்று சொல்வதை ஒக்கும். மேலும், பிழைத்தவற்றிலும் உருளை எத்தனை முறை கடையப்பட்டது, முசலம் எத்தனை மாறியது, கிளச் தட்டு எந்த நாட்டது என்று கேட்டால், 1980 ஆம் ஆண்டு யப்பானிலிருந்து வந்ததாக எஞ்சியிருப்பது பெயர்ப்பலகை மட்டும்தானோ என்று தோன்றும். 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் பெருகிய இந்திய வண்டிகளை இளைஞர் விரும்பியதற்கும் முதியோர் இகழ்ந்ததற்கும் இந்த மயக்கமே பாதிக் காரணம். அவ்விந்திய வண்டிகளிலே பேர்பெற்ற ஒன்று, 2010 இறுதிவரை யப்பானிய ஹொண்டாவோடு கூட்டாக இயங்கிய கம்பெனியின் உற்பத்தியே என்பதை இகழ்ந்தவர் பலர் அறியார்.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி எந்த நாட்டு வண்டி என்பதன்று. இதற்குரிய உதிரிப்பாகம் எங்கள் பட்டினத்துக் கடையிலே கிடைக்குமா என்பதே. கொழும்பிலும் கிடைக்காத ஒரு சிறு றப்பர் வளையத்துக்காக மாதக்கணக்கில் தாழ்வாரத்திலே நிற்கும் அழகிய வண்டிகளை எல்லோரும் கண்டிருப்போம். தெருவில் அதிகமாக ஓடும் வகையையே வாங்குதல் கவர்ச்சியற்ற ஆலோசனைதான். ஆனால் எந்தச் சிற்றூரிலும் அதைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

திருத்துபவரைப்பற்றியும் ஒரு சொல். பாவித்த வண்டி பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வது நல்வழக்கம். ஆயின் விற்பவரிடமும் தரகு பெறும் மெக்கானிக்குகள் இல்லாமலில்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இவ்வளவு தருவேன் என்று கூலியை முன்னரே பேசி, அதை நாமே கொடுத்துவிட்டால், "வேண்டாம்" என்று சொல்வதனால் அவருக்கு நட்டமில்லை. வண்டி விலையோடு ஒப்பிட அந்தக் கூலி அற்பமானது.

வாங்கிய பின்னர் கையிலுள்ள பணம் முழுவதும் தீர்ந்திருக்கக் கூடாது. வண்டி விலையில் பத்திலொரு பங்கையாவது முதல் மாதச் செலவுக்கென்று ஒதுக்குவது நல்லது. விற்பவர் நேற்றுத்தான் மாற்றியதாகச் சத்தியம் செய்தாலும், ஒயிலை வடித்துப் புதியதை விட வேண்டும். வடியும் ஒயிலை வெள்ளைத் துணியிலே ஊற்றிப் பார்த்தால் உலோகத் துகள் மின்னுகிறதா என்பதும் தெரிந்துவிடும். பிளக், காற்று வடி, பிறேக் சப்பாத்து மூன்றையும் மாற்ற வேண்டும். செயினைப் பின்சில்லுப் பல்லிலிருந்து பின்னோக்கி இழுத்தால் பல் பாதி தெரியுமளவுக்கு விலகுமாயின், செயினையும் இரு பற்சில்லுகளையும் ஒருங்கே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதிய செயினைத் தின்றுவிடும். பற்றறியின் மின்னழுத்தம் எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற் அளவிலும், ஓடும்போது 14 வோல்ற்றை அண்டியும் இருக்க வேண்டும். ஓடும்போதும் ஏறாவிட்டால், மின்னேற்றும் சுருளிலோ சீராக்கியிலோ குறை இருக்கிறது. வீதியிலே வண்டி நிற்பதற்கு இதுவும் ஒரு சாதாரணக் காரணம். இருக்கையின் கீழே ஒரு மேலதிக பிளக், பியூஸ் இரண்டு, பிளக் கழற்றும் திறப்பு ஆகியவற்றை வைத்திருக்கும் மாணவன் ஆனையிறவிலே நின்றாலும் கால் மணி நேரத்தில் மீண்டும் புறப்படுவான்.

முதல் மாதத்திலேயே கராச்சில் எவராவது, "எஞ்சினைத் திறக்க வேண்டும்" என்று சொன்னால், அன்றே திறக்க விடலாகாது. பிளக்கைக் கழற்றி அத்துவாரத்திலே அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால் உருளையின் நெருக்கம் எண்ணாகவே தெரியும். துவாரத்தினூடே ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மீண்டும் அளந்து, எண் உயர்ந்தால் தேய்ந்தது வளையம். உயராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அழுத்தமானி வைத்திருக்கும் கராச் ஒன்றைத் தேடி, இரண்டு எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பின்னர் விலை பேசலாம்.